இடது காலின் கணக்கு

பிராட்வேயில் காரை ஓட்டுவது பெரும்பாலும் இடது கால்தான். எர்ணாகுளத்தில் ஷண்முகம் ரோட்டுக்கு இணையாக, அதன் முதுகுப்புறம் ஓடும் தெரு அது. (கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி திவானாக இருந்தார். அந்த ஞாபகத்தில் வந்த பெயர்.) துணிக்கடை, குடைக்கடை, பாத்திரக்கடை, மசாலாக் கடை என்று இரண்டு பக்கமும் நெருக்கியடிக்க, நடுவில் மிஞ்சுகிற இடத்தில் கைவண்டியும் தலைச்சுமைக்காரர்களும் கல்யாணச் சாமான் வாங்க வந்த குடும்பங்களும் போக, கடைசியாகத்தான் கார். இரண்டாம் கியர் போட வாய்ப்பே இல்லை. கிளட்சைப் பாதி அமுக்கி, பாதி விட்டு, ஒரு அடி நகர்ந்து, மறுபடி அமுக்கி... காருக்குள் இருப்பவருக்கு இது எரிச்சல். கிளட்ச் பிளேட்டுக்கு இது ஆயுள்.

இந்தத் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. அவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. தெரு முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. கார் அப்பா வாங்கியது. கடை, வீடு, கடன் எல்லாவற்றையும் அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்துக்கொண்டபோது யாரும் கேட்காமல் மிஞ்சியது இது ஒன்றுதான். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் வெண்டுருத்திப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் கத்தியது, வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடியது. கூடவே ஒரு கருகல் வாடை. கிளட்ச் வழுக்குகிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் இங்கிலாந்துக்காரர் சிரிக்கக்கூடும். 948 சி.சி. எஞ்சின், குடும்பத்தோடு போகிற வண்டி. ஆனால் உறவுமுறையைப் பார்த்தால் அப்படி ஒதுக்கிவிட முடியாது. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயர்பெற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. இங்கே சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. அம்பாசிடரும் ஃபியட்டும் தவிர வேறு கதியில்லாத அந்த நாட்களில், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸஸ்பென்ஷன், இரண்டே கதவு, மட்காடோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட் என்று வந்த இந்த வண்டிதான் இந்திய இளைஞர்களின் ஸ்போர்ட்ஸ் கார். இன்னொரு சௌகரியமும் உண்டு. 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பும். பிராட்வேக்கென்றே செய்த மாதிரி.

கம்பெனி இப்போது இல்லை. ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, அது விலைபோகாமல், 1988-இல் உற்பத்தியே நின்றது. வண்டலூர்ப் பக்கம் பிறந்த கார்கள் இன்று அரபிக்கடலோரத்தில் சீக்காளியாகக் கிடந்தால் தாய்வீட்டிலிருந்து மருந்து வராது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் பிளேட்டின் விலையை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். பிளேட் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. ஹெரால்டில் அதன் குறுக்களவு ஆறேகால் அங்குலம்தான். பணத்தைத் தின்பது அந்தத் தட்டு உட்கார்ந்திருக்கும் இடம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, இரண்டையும் பிரித்தால்தான் கண்ணில் படும். எப்படிப் பிரிப்பது என்பதை அறுபது வருஷத்துக்கு முன் வரைபலகையில் குனிந்திருந்த ஒரு என்ஜினீயர் முடிவு செய்துவிட்டார். ஜாகுவார் ஈ-டைப்பில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வெளியே வந்தாக வேண்டும். எம்.ஜி.பி.யிலும் எஞ்சினைத் தூக்காமல் கிளட்சைத் தொட முடியாது. பழைய போர்ஷ 911-இல் பின்பக்கத்து எஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்த்துக் கீழே இறக்குவார்கள். அழகு பார்த்து வாங்கியவர்கள் இந்த விவரத்தைப் பார்த்து வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஹெரால்டுக்காரர்களும் ஸ்பிட்ஃபயர்காரர்களும் இந்த விஷயத்தில் புண்ணியம் செய்தவர்கள். அவர்களுடைய கியர்பாக்ஸ் காருக்குள்ளிருந்தே வெளியே வருகிறது. முன் இருக்கைகளைக் கழற்றி, கார்பெட்டை உருவி, நடுவில் மேடாக இருக்கும் மூடியை எடுத்தால் கியர்பாக்ஸ் அப்படியே தெரியும். ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் பிரித்து, சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, பின்னால் இழுத்து, கதவு வழியாகக் கையாலேயே தூக்கிவிடலாம். கிரேன் வேண்டாம், பள்ளம் வேண்டாம். நல்ல முதுகு வேண்டும்.

அந்த முதுகு மட்டாஞ்சேரியில் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய மெக்கானிக். கேரளத்து ஒர்க்‌ஷாப் வழக்கப்படி அவர் 'ஆசான்'. பிராட்வேயிலிருந்து ஜெட்டிக்கு நடந்து படகேறினால் மட்டாஞ்சேரி கூப்பிடு தூரம். கார் படகில் ஏறாது என்பதால் தெற்கே தேவரா போய், வெண்டுருத்திப் பாலம் ஏறி, வெலிங்டன் தீவைக் கடந்து, தோப்பும்படி வழியாகப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். வழுக்கும் கிளட்சோடு இது யாத்திரை. விடிவதற்கு முன் கிளம்பி, பாலத்தில் மட்டும் முதல் கியரில் ஊர்ந்து, அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார்.

ஆசான் கிளட்சைப் பார்க்கவில்லை. பானெட்டைக் கவிழ்த்து, முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, சவிட்டு" என்றார். அண்ணாச்சி கிளட்சை மிதித்தார், விட்டார், மிதித்தார். எஞ்சினின் முன்னால் இருக்கும் புல்லி ஒவ்வொரு மிதிக்கும் முன்னே வந்து பின்னே போவது கண்ணுக்கே தெரிந்தது. ஆசான் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்தார். அது நல்ல வார்த்தை இல்லை.

இந்த ட்ரையம்ஃப் எஞ்சின்களின் பலவீனம் இதுதான். கிளட்சை மிதிக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் கிராங்க் ஷாஃப்டை முன்பக்கமாகத் தள்ளுகிறது. அதைத் தாங்கிக்கொள்வது பின்பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் பிறை வடிவமான இரண்டு மெல்லிய த்ரஸ்ட் வாஷர்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் அங்கே ஆட்டம் இருக்கலாம். சிக்னலில் நின்றுகொண்டு, கியரை நியூட்ரலில் போடாமல், கிளட்சை அமுக்கிக்கொண்டே வேடிக்கை பார்க்கும் ஒவ்வொரு நிமிஷமும் அந்த வாஷர் தேய்கிறது. பிராட்வேயில் ஐம்பது வருஷம் தேய்ந்தால்? ஒருநாள் அது மெலிந்து நழுவி ஆயில் சம்ப்புக்குள் விழும். அதன்பின் கிராங்க் ஷாஃப்ட் நேராக எஞ்சின் பிளாக்கையே அரைக்கும். கிளட்ச் செலவு என்று ஆரம்பித்தது எஞ்சின் செலவாக முடியும். இந்தக் காருக்குப் புது எஞ்சின் எந்தக் கடையிலும் இல்லை. வாஷர் ஜோடியோ மிக மலிவு. சம்ப்பைக் கழற்றினால் கீழேயிருந்தே மாற்றிவிடலாம். ஒரு மெக்கானிக்குக்கு இது தெரியுமா, தெரியாதா என்பதுதான் வித்தியாசம்.

இங்கிலாந்தில் இதே வேலைக்குச் சாமான் விலை சுமார் 100 பவுண்டு. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் அங்கே ஏராளம் என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. கூலிதான் அங்கே சாமானைப் பல மடங்கு மிஞ்சும். இங்கே தலைகீழ். கூலி சகாயம், சாமான் யானை விலை. அதே பெட்டி கொச்சிக்கு வருவதென்றால், இரும்பின் எடைக்கு விமானக் கூலி, சுங்க வரி, எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. இந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் கைக்கு வரும்போது கணக்கு இருபதாயிரத்தை ஒட்டி நின்றது.

அண்ணாச்சியின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் போனில் போட்ட கணக்கு வேறு. ஒரு மாருதிக்குப் புது கிளட்ச் செட்டை, கூலியோடு சேர்த்து, இதில் சின்னப் பங்குக்கு மாற்றிவிடலாம். தவிர 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கவே 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். "வின்டேஜ்னு பதிஞ்சிடுங்கப்பா" என்பது அவன் யோசனை. 50 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்காக 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குத் தனி நம்பர் பிளேட் கிடைக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் தவிர அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கடைக்கு ஓட்டிப் போக முடியாத கார் எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். மகனிடம் பதில் இல்லை. தகப்பனிடமும் நியாயமான பதில் இல்லை என்றே சொல்ல வேண்டும். அவர் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

இருபதாயிரத்துக்கும் மகனுக்கும் நடுவே ஆசான் ஒரு வழி சொன்னார். பழைய பிளேட்டையே வைத்துக்கொண்டு லைனிங் மட்டும் புதிதாக அடிப்பது. தேய்ந்த பட்டையை உரித்து, ரிவெட்டுகளைத் தட்டி எடுத்து, புதுப் பட்டையைப் பொருத்தி மறுபடி ரிவெட் அடிக்கும் கடைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. லாரிகளும் பஸ்களும் இருக்கும்வரை இருக்கும். பிரஷர் பிளேட்டுக்கு வேண்டிய ஸ்பிரிங்குகளைச் சென்னை புதுப்பேட்டையில் பழைய இரும்புக்குள் துழாவி ஒரு உறவுக்காரப் பையன் அனுப்பி வைத்தான். புதுப்பேட்டையில் இல்லாதது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இருக்கும், அங்கேயும் இல்லாவிட்டால் டெல்லி காஷ்மீரி கேட்டில் இருக்கும் என்பது பழைய கார்க்காரர்களின் வேதம். எப்போதும் பலிப்பதில்லை.

இந்த மலிவுக்கும் ஒரு விலை உண்டு. அதை பில்லில் எழுதுவதில்லை. அந்தக் காலத்து கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கியர்பாக்ஸைப் பிரித்ததும் உள்ளே படிந்திருக்கும் கருந்தூளை வாயால் ஊதியோ காற்றுக் குழாயைப் பிடித்தோ சுத்தம் செய்வது நம் மெக்கானிக்குகளின் வழக்கம். பிரிட்டனில் 1999-இல் ஆஸ்பெஸ்டாஸை முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அந்தத் தூசு நுரையீரலில் பல பத்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு கேட்கும். ஆசானுக்கு நாள் முழுக்க இருமல் இருக்கிறது. பீடியா, தூளா என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. அண்ணாச்சி வாங்கி வந்த முகமூடியை அவர் நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டுக்கொண்டார். ஈரத்துணியால் துடைக்கச் சொன்னதை மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் வேலை. கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சின்ன வெண்கலப் புஷ், ரிலீஸ் பேரிங், கிளட்சின் ஆயில் சிலிண்டருக்குப் புது ரப்பர் எல்லாம் சேர்ந்தே போயின. திறந்தபின் ஐந்து ரூபாய்ச் சாமானுக்குப் பார்த்தால் மறுபடி இரண்டு நாள் திறக்க வேண்டும். கார் உள்ளே காலியாக, இருக்கைகள் வாசலில் கிடக்க, எதிர்வீட்டுக் குழந்தைகள் அதில் உட்கார்ந்து கொச்சியிலிருந்து கோழிக்கோடு வரை ஓட்டினார்கள். லைனிங், ஸ்பிரிங், வாஷர், பேரிங், கூலி எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. கூலி அதில் ஐந்தாயிரம். அண்ணாச்சி ஆறாயிரம் கொடுத்தார். ஆசான் எண்ணிப் பார்த்து ஆயிரத்தைத் திருப்பினார்.

ஆசானிடம் இரண்டு பையன்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள். லேப்டாப்பைச் செருகி எந்த சென்சார் போயிற்று என்று சொல்லிவிடுகிற கெட்டிக்காரர்கள். ஹெரால்டின் கியர்பாக்ஸைத் தூக்கும்போது ஒருவன் மட்டும் கை கொடுத்தான். மற்றவன் செல்போனில் படம் பிடித்தான். அதுவும் உபயோகம்தான் என்று பிறகு தெரிந்தது. திரும்ப மாட்டும்போது ஒரு வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று ஆசானுக்கே சந்தேகம் வந்து, படத்தைப் பார்த்துத்தான் போட்டார்கள்.

திரும்பும் வழியில் வெண்டுருத்திப் பாலத்தை ஹெரால்டு மூன்றாம் கியரில் ஏறியது. பிராட்வே முனையில் வழக்கம்போல முட்டுக்கட்டை. மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆசான் சொல்லி அனுப்பியபடி அண்ணாச்சி கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார். பின்னாலிருந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.