உள்ள உக்காந்திருக்கார்

கும்பகோணம் சோலையப்பன் தெரு விஜயீந்திரர் மடத்துக்கு சின்ன வயசுல பாட்டியோட போவேன். அங்கே ஓடினா திட்டு விழும். "உள்ள உக்காந்திருக்கார்டா, மெதுவா நட!" துளசி மாடம் மாதிரி இருக்கற கல்லுக்கடியில ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்னா பயமா இருக்காதா?

எங்க வீட்ல போனவங்களை எரிப்போம். சாமியாரை மட்டும் ஏன் புதைக்கணும்? சந்நியாசம் வாங்கறப்பவே அக்னியை விட்டுட்டார், அதனால எரிக்கறதில்லை. உட்கார்ந்த நிலையில வச்சு மேலே பிருந்தாவனம் கட்டறது மாத்வ வழக்கம்.

வளர்ந்தப்புறம்தான் ஒண்ணு உறைச்சது. பிருந்தாவனங்களை வரிசையாத் தொட்டுக்கிட்டே போனா அந்த மடம் நடந்த பாதை தெரியும். விஜயீந்திரர் கும்பகோணத்துல. அவருக்கு அடுத்த சுதீந்திரர், ஹம்பி பக்கம் ஆனேகுந்தியில், துங்கபத்திரை நடுவுல ஒரு தீவுல. அடுத்து ராகவேந்திரர், 1671-ல் மந்த்ராலயத்துல. அதோட நிக்கலை. மூல பிருந்தாவனத்து மண்ணை ஒரு பிடி எடுத்துப் போய் வேற ஊர்ல வச்சா மிருத்திகை பிருந்தாவனம். உங்க தெரு ராகவேந்திரர் மடமும் அநேகமா இப்படி வந்ததுதான்.

அந்த ஆனேகுந்தித் தீவுதான் நவ பிருந்தாவனம். மத்வரோட நேர் சிஷ்யர் பத்மநாப தீர்த்தர்லேர்ந்து கிருஷ்ணதேவராயர் மதிச்ச வியாசராஜர் வரை ஒன்பது பேர். அதுல ஒண்ணு ரகுவர்யருடையதுன்னு உத்தராதி மடம் சொல்லும். இல்லை, ஜயதீர்த்தருடையதுன்னு மந்த்ராலய மடம். ஜயதீர்த்தர் இருக்கறது மளகேட்டுலன்னு இவங்க பதில். அங்கே ஆராதனையை யார் எப்போ செய்யறதுன்னு வேற கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க. முதல்ல சிரிப்புதான் வந்தது. துறந்தவருக்கு எதுக்கு வாய்தா? :-) ஆனா அந்த ஒரு பிடி மண்ணை யோசிச்சா சிரிக்க முடியலை. யாரோட மண்ணுன்னு தெரியாம எதைக் கொண்டுபோறது?

2019 ஜூலையில் புதையல் இருக்கும்னு நம்பி வியாசராஜர் பிருந்தாவனத்தை யாரோ ராத்திரியில உடைச்சுத் தள்ளினாங்க. வழக்காடற மடத்துக்காரங்க எல்லாருமே ஓடி வந்தாங்க. ஓரிரு நாள்லயே கல்லைக் கல்லோட சேர்த்து நிமிர்த்தியாச்சு.

அதுக்கப்புறம்தான் நான் போனேன். ஒட்டின இடம் தெரியுதான்னு குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தேன். கரையிலேர்ந்து படகுக்காரர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். கடைசிப் படகாம். ஓடலாம்னுதான் நினைச்சேன். கால் மெதுவாத்தான் நடந்தது.