தார் ரோடு முடியிற எடத்துல

எங்க சேரிக்குள்ள முதன்முதல்ல வந்த மோட்டார் வண்டி போலீஸ் ஜீப். வருஷம் 1984. கூலியை ஒத்த ரூபா ஏத்திக் கேட்டதுக்காக ராத்திரி வந்து எங்க நைனாவையும் இன்னும் ஆறு பேரையும் புடிச்சாங்க. எனக்கு அப்போ எட்டு வயசு. ஐப்பசி மழை. திரும்பிப் போறப்போ ஜீப்பு ஓடைக்கிட்ட சேத்துல மாட்டிக்கிச்சு. புடிச்ச ஆளுங்களையே கீழ எறக்கித் தள்ளச் சொன்னாங்க. தன்னைக் கொண்டுபோற வண்டியை எங்க நைனா தோள் குடுத்துத் தள்ளினதை நான் பார்த்தேன். தள்ளி முடிச்சதும் மறுபடியும் ஏத்திக்கிட்டுப் போனாங்க.

மீஞ்சூர் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலேருந்து கும்மிடிப்பூண்டி போற ரயில் பாதையில இருக்கு. கிழக்கால போனா அத்திப்பட்டு. அங்க 1994 முதல் அனல் மின்நிலையம். அதுக்கு அப்பால 2001-ல தொறந்த எண்ணூர் துறைமுகம். பிறகு வல்லூர் மின்நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம். ராத்திரி பகல்னு பார்க்காம கண்டெய்னர் லாரிங்க போற பூமி. ஆனா ஊர்த்தெருவோட கடைசி வீட்டுல தார் ரோடு நின்னுடும். அங்கேருந்து எங்க காலனிக்கு ஒன்னேகால் கிலோமீட்டர் வரப்பும் களிமண்ணும்தான். நடுவுல ஓடை. எங்க சுடுகாடு ஓடைக்கு அந்தாண்ட. மழைக்காலத்துல பொணத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில போவோம்.

2005 மழையில எங்க அண்ணிக்கு ராத்திரி வலி எடுத்துக்கிச்சு. ஊர்த்தெருவுல ஒருத்தர்கிட்ட வேன் இருந்துச்சு. நானும் அண்ணனும் ஓடிப்போய்க் கதவைத் தட்டினோம். காலனிக்குள்ள வரவேணாம், தார் ரோட்டுலயே நில்லுங்க, நாங்க கட்டில்ல தூக்கியாந்துடுறோம்னு கெஞ்சினோம். ரெட்டை வாடகை தர்றோம்னோம். "ஏத்திக்கிட்டுப் போய் வந்தா வண்டிய எவன் கழுவுறது?"ன்னு கேட்டாரு. அவர் சொன்னது சேத்தை மட்டும் இல்லன்னு எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கயித்துக் கட்டில்ல தூக்கிக்கிட்டு ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்தோம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றப்போ விடிஞ்சிருச்சு. அண்ணி பொழைச்சாங்க. கொழந்தை பொழைக்கல.

அதுக்கப்புறம்தான் பாபாசாகேப் அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதின 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எங்க படிப்பகத்துல என் கைக்குக் கெடைச்சுது. 1929 அக்டோபர்ல அவர் சாலிஸ்கான் போறாரு. அப்போ அவர் சீமையில படிச்ச பாரிஸ்டர். தீண்டப்படாத மக்களோட குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் போட்ட குழுவுல ஒரு உறுப்பினர். மஹர் சேரிக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போக எந்த குதிரை வண்டிக்காரனும் ஒத்துக்கல. மஹர் ஒக்காந்த வண்டியை ஓட்டுறது அவங்களுக்கு கேவலம். கடைசியில ஒரு சமரசம் ஆவுது. வண்டியை மட்டும் வாடகைக்குத் தர்றோம், ஓட்ட மாட்டோம்னுட்டாங்க. வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத சேரி ஆள் ஒருத்தர் ஓட்டுறாரு. பாலத்துல சக்கரம் மாட்டி வண்டியும் குதிரையும் ஆத்துல விழ, பாபாசாகேப் கல்லுமேல தூக்கி எறியப்பட்டு கால் ஒடைஞ்சு போவுது.

இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் இல்ல. வண்டி தர மாட்டேன்னு சொன்னவனைப் பத்தி மட்டும் யோசிக்கல. அந்த ஓட்டத் தெரியாத ஆளைப் பத்தி யோசிச்சேன். அவர் என்ன தப்பு செஞ்சாரு? அவருக்கு யாரு கத்துக் குடுத்தா? வண்டி கெடைச்சாப் போதாது. ஓட்டுற கையும் நம்ம கையா இருக்கணும். ரிப்பேர் ஆனா பிரிச்சு மாட்டுற கையும் நம்ம கையா இருக்கணும்.

2008-ல 108 ஆம்புலன்ஸ் வந்துச்சு. நல்ல காரியம். ஆனா அந்த வண்டியும் தார் முடியிற எடத்துல நின்னுடும். டிரைவர் மேல குத்தம் இல்ல. அது ரோட்டுல ஓடறதுக்குச் செஞ்ச வண்டி.

எங்க அம்மாவோட தம்பி புதுப்பேட்டையில 22 வருஷம் வேலை செஞ்சவர். கூவம் ஓரத்துல பழைய வண்டிங்களைப் பிரிச்சு, ஆக்ஸில் ஒரு கடை, கதவு ஒரு கடைன்னு விக்கிற எடம். மாமா ஒருநாள் சொன்னாரு: "ஆம்புலன்ஸ் வராதுன்னு அழுதுக்கினு இருந்தா ஆவாதுடா. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பு ஒன்னு ஏலத்துல போவுது. எடுத்துப் போடு. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

2011-ல எடுத்தோம். கவர்மெண்டு ஏலத்துல மொத்தமா எடுத்த வியாபாரிகிட்டேருந்து 55,000 ரூபாய்க்கு வாங்கினது. 1993 மாடல் மகேந்திரா எம்.எம். 540. 2112 சி.சி. பியூஜோ டீசல் இன்ஜின். ஜீப்புங்கிறதே ரெண்டாம் உலக யுத்தத்துல அமெரிக்கப் பட்டாளத்துக்காகச் செஞ்ச வண்டி. 1947-லேருந்து மகேந்திரா கம்பெனி பம்பாயில அதைப் பூட்ட ஆரம்பிச்சுது. நம்ம நாட்டுல அது கலெக்டருக்கும் போலீசுக்கும் பண்ணைக்காரருக்கும் வண்டியாச்சு.

வண்டியை மாமா கயிறு கட்டி இழுத்தாந்து வீட்டுக்கு முன்னாடி நிறுத்தினாரு. பழைய பெயிண்டைச் சொரண்டினா பச்சைக்குக் கீழ நீலம். நீலத்துக்குக் கீழ 'காவல்'ங்கிற எழுத்தோட தடம். எங்க அம்மா அதைப் பார்த்துச்சு. ஒன்னும் பேசல. உள்ள போயி கதவைச் சாத்திக்கிச்சு. மூனு நாள் மாமாவுக்குச் சோறு போடல.

இன்ஜின் வேலை 22,000. லைனர், பிஸ்டன், ரிங்கு, பம்பு, நாசில் எல்லாம் அதுல அடக்கம். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் பேரிங்கு, சீலு 8,500. செகண்ட் ஹாண்டு பட்டன் டயர் அஞ்சு 9,000. டிங்கர், வெல்டிங் 6,000. பட்டையும் ஷாக்கும் 5,000. பிரேக் 4,500. ரேடியேட்டர் 3,000. மொத்தம் 58,000. வண்டி வெலையும் சேர்த்தா 1,13,000. என் காண்ட்ராக்ட் வேலை முடிஞ்சப்போ வந்த பி.எஃப். பணம் கொஞ்சம். மகளிர் குழுக் கடன் கொஞ்சம். மீதி வீட்டுக்கு வீடு வசூல்.

பழசு எங்களுக்குப் புதுசு இல்ல. பழைய சோறு, கட்டிக் கழிச்ச துணி, செத்த மாடு எல்லாம் நம்ம தலையில கட்டினதுதான். ஆனா புதுப்பேட்டைப் பழசு வேற. அது யாரும் திண்ணையிலேருந்து வீசினது இல்ல. பேரம் பேசி, காசு குடுத்து, தட்டிப் பார்த்து எடுத்தது. கிரௌன் பினியன் பல்லைக் கையால தடவியே மாமா வயசு சொல்லுவாரு. அந்தக் கைக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்கல.

அடித்தகடு ஆத்துப்போயிருந்துச்சு. எண்ணெய் டிரம்மை வெட்டி விரிச்சு அடிச்சோம். இந்தக் காத்துல இருக்கிற உப்பு இரும்பைத் தின்னுடும், அதனால சேசிஸுக்கு உள்ளயும் வெளியயும் பழைய ஆயிலைப் பூசினோம். டீசல் இன்ஜினுக்கு நெருப்புப் பொறி வேணாம். அதனால தண்ணியில எறங்கினாலும் ஓடும். ஆனா காத்து இழுக்கிற வாயில தண்ணி போச்சுன்னா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அதுக்காகப் பழைய பம்புசெட்டுப் பைப்பை வளைச்சு, மூச்சு வுடுற வாயைக் கண்ணாடி ஒசரத்துக்குக் கொண்டாந்தாரு மாமா. ஆக்ஸிலுக்கும் மூச்சு ஓட்டை உண்டு. ஓடிச் சூடான ஆக்ஸில் சில்லுன்னு தண்ணியில எறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கி, தண்ணியை உறிஞ்சிடும். பூச்சிமருந்து அடிக்கிற ஸ்பிரேயர் டியூப்பை மாட்டி அந்த ஓட்டையையும் மேல தூக்கிட்டோம். ஆழமான தண்ணின்னா ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு எறங்கணும்.

கியர் பக்கத்துல ரெண்டு சின்ன லீவர். ஒன்னு முன் சக்கரத்தைச் சேர்க்கும். இன்னொன்னு வேகத்தைக் கொறைச்சு இழுவையைக் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு ஆக்கும். தார் ரோட்டுல முன் சக்கரத்தைச் சேர்த்து ஓட்டக்கூடாது. முன்னயும் பின்னயும் வேற வேற தூரம் உருளறதால பல்லு முறுக்கிக்கும். சேத்துல சக்கரம் வழுக்கிச் சரிக்கட்டிக்கும். மாமா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "இந்த லீவரு சேரிக்காக வச்சதுடா. ஊருக்குள்ள போட்டா ஒடைஞ்சிடும்."

பட்டணத்துப் பசங்க சிலர் இதே வண்டியை வாங்கி, ஆக்ஸிலுக்கு மேல பட்டையை மாத்தி, ஆள் ஒசரத்துக்கு ஏத்தி, பெரிய டயர் போட்டு ஓட்டுறாங்க. நாங்களும் ஒசத்தலாமான்னு கேட்டேன். மாமா என்னைப் பின்பக்கம் நிக்கவச்சு, ஒரு மூட்டை நெல்லைத் தூக்கி உள்ள வைக்கச் சொன்னாரு. "புள்ளத்தாச்சிப் பொம்பள இன்னா ஏணி வச்சா ஏறுவா?"ன்னாரு. தொங்கிப்போன பட்டைக்கு ஒரே ஒரு பட்டை கூடச் சேர்த்து, பழைய மட்டத்துக்குக் கொண்டாந்ததோட நிறுத்திக்கிட்டோம். பின்னாடி ரெண்டு பக்க சீட்டையும் மடக்கினா நடுவுல ஒரு கட்டில் பலகை நிக்கும். பலகைக்குக் கொக்கி வச்சோம். எங்களுக்கு வேண்டிய மாத்தம் அதுதான்.

ஒன்னு சொல்ல மறந்தேன். ரேடியேட்டர்ல எங்க ஊர்த் தண்ணியை ஊத்த மாட்டோம். சென்னையில இருக்கிற தொழிற்சாலைகளுக்காக 1969-லேருந்து மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடித் தண்ணியை இறைச்சாங்க. இறைக்க இறைக்கக் கடல் உள்ள வந்துருச்சு. கெணறெல்லாம் உப்பு. அந்தத் தண்ணியை ஊத்தினா உள்ள உப்புப் படிஞ்சு குழாய் அடைச்சுக்கும். கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற ஆலை 2010-ல காட்டுப்பள்ளியில வந்துச்சு. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அது பட்டணத்துக்குப் போவுது. நாங்க ஜீப்புக்கு மழைத்தண்ணியைக் கேன்ல புடிச்சு வைக்கிறோம்.

சட்டமும் கவனிக்கணும். கம்பெனி குறிச்ச விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திச்சு. மாமா மொதல்லேருந்தே அதுல கறார். இன்ஜினை மாத்தல, சேசிஸை வெட்டல, சீட்டு எண்ணிக்கையை ஏத்தல. ஆனா பழசை வச்சிருக்கிறதுக்கே இப்போ தண்டம் கட்டணும். 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல்லேருந்து 5,000. 20 வருஷம் தாண்டினா 10,000-ன்னு 2025 ஆகஸ்ட்ல ஆக்கினாங்க. 2023 ஏப்ரல்லேருந்து 15 வருஷம் ஆன கவர்மெண்டு வண்டிங்க உடைக்கத்தான் போவணும். இனிமே இன்னொரு சேரிக்கு இப்படி ஒரு ஜீப்பு ஏலத்துல கெடைக்காது. புகை கெட்டதுதான், மறுக்கல. ஆனா மின்நிலையத்துச் சாம்பலைத் தின்னுக்கிட்டு இருக்கிற எங்ககிட்ட புகைக்கணக்கு கேக்கிறப்போ ஒரு சிரிப்பு வருது.

வண்டி ஓட ஆரம்பிச்சப்போ எல்லாரும் ஓட்டக் கத்துக்கணும்னு முடிவு செஞ்சோம். இப்போ லைசென்ஸ் இருக்கிறவங்க ஒன்பது பேர். அதுல மூனு பேர் பொண்ணுங்க. 2015 வெள்ளத்துல நாலு நாள் ஜீப்பு நிக்கவே இல்ல. பிரசவத்துக்குப் போனவங்க, பாம்பு கடிச்சவங்க, செத்தவங்க எல்லாரையும் சுமந்திருக்கு. ஒரு தடவை ஊர்த்தெருவுல நெஞ்சுவலி. அந்தத் தெருவுலயும் முழங்காலுக்கு மேல தண்ணி. ஆள் அனுப்பினாங்க. வேன் வச்சிருந்தவரோட வீடுதான். எங்க அண்ணன்தான் ஓட்டிக்கிட்டுப் போச்சு. ஏன் போனேன்னு நான் கேட்டேன். "வண்டிய நான் கழுவிக்கிறேன்னு சொல்லித்தான் ஏத்தினேன்"னு சொல்லிட்டு அண்ணன் போயிடுச்சு.

இதைப் பெருமையா மட்டும் எழுதி முடிச்சா அது பொய்யாப் போயிடும். ரோடு கேட்டு மனு குடுக்கப் போனப்போ ஒரு அதிகாரி சொன்னாரு: "உங்ககிட்டதான் ஜீப்பு இருக்குதே, அப்புறம் என்ன அவசரம்?" எங்க உழைப்பை எடுத்து எங்க வாயையே அடைச்ச மாதிரி இருந்துச்சு. நாங்க பூட்டின ஒவ்வொரு நட்டும் அரசாங்கம் போடாம வுட்ட ரோட்டுக்குக் கணக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அடுத்த மாசம் அதே ஜீப்பை ஆபீஸ் வாசல்ல நிறுத்தி, அதுமேல ஒக்காந்து மறியல் பண்ணோம். ஓடைக்குக் குறுக்க சின்னப் பாலம் வந்துச்சு. ரோடு இன்னும் வரல.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல காலனிக்குள்ள தண்ணி வந்துருச்சு. அம்மாவையும் வெளிய கொண்டாரணும். பன்னண்டு வருஷமா அது ஜீப்புல கால் வைக்கல. முன்னாடி ஒக்காரும்மான்னு சொன்னேன். "வாணாம், உங்க நைனா பின்னாடிதான் ஒக்காந்து போனாரு"ன்னு சொல்லி, பின்பக்கம் பலகைமேல ஏறி ஒக்காந்துக்கிச்சு. ஓட்டினது அண்ணன் பொண்ணு. 2005-ல செத்த கொழந்தைக்கு அடுத்துப் பொறந்தவ. வழி முழுக்க அம்மா அவ ஸ்டியரிங்கைத் திருப்புறதையே பார்த்துக்கிட்டு வந்துச்சு.

மாமாவுக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியல. கையால தடவித்தான் வேலை பார்க்கிறாரு. போன வாரம் முன் ஆக்ஸில்ல சீலு கிழிஞ்சு ஆயில் ஒழுகுது. அந்த அளவு சீலு கெடைக்கிறது கஷ்டமாயிடுச்சு. புதுப்பேட்டைக்குப் போய்த் தேடிக்கிட்டு இருக்கேன். "ரோடு வந்துட்டா இந்த முன் ஆக்ஸிலே வாணாம்டா, கழட்டி எடைக்குப் போட்டுடலாம்"னு மாமா சொல்றாரு. நாங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கிறது அந்த நாளுக்குத்தான். அதுவரைக்கும் சீலு தேடணும்.