ஆக்டேன்: ஒரு சொல்லும் ஒரு புட்டியும்

ஆக்டேன் என்னும் சொல் வேதியியல் ஆய்வகத்தை விட்டு வெளியேறி நெடுங்காலம் ஆகிவிட்டது. இந்தியாவின் ஆங்கில நாளேடுகளில் சண்டைக் காட்சி நிறைந்த திரைப்படம் ‘ஹை-ஆக்டேன்’. அனல் பறக்கும் தேர்தல் பிரசாரமும் ‘ஹை-ஆக்டேன்’. கடைசி ஓவர் வரை இழுபறியாகச் செல்லும் கிரிக்கெட் ஆட்டமும் அவ்வாறே. இவ்விடங்களில் எல்லாம் அச்சொல் சுட்டுவது வேகத்தை, சீற்றத்தை, வெடிப்பை. பிறந்த இடத்தில் அதன் பொருள் இதற்கு நேரெதிர். ஓர் எரிபொருள் தானாகத் தீப்பற்றிவிடாமல் எவ்வளவு அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கி நிற்கிறது என்பதே ஆக்டேன் எண் குறிக்கும் செய்தி. அது சீற்றத்தின் அளவன்று, பொறுமையின் அளவு.

சொற்கள் பொருள் மாறுவது இயல்பு. அதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒரு மாற்றத்தின் மேல் ஒரு வணிகமே நிற்கிறது. வாகன உதிரிபாகக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ‘ஆக்டேன் பூஸ்டர்’ என்ற பெயரில் கால் லிட்டர், முந்நூறு மில்லிலிட்டர் அளவுகளில் விற்கப்படும் புட்டிகளை வாங்குவோர் பலரும் வாங்குவது திரவத்தை அன்று, அந்தச் சொல்லை. ‘பூஸ்ட்’ என்பதோ கபில் தேவும் சச்சினும் விளம்பரப்படுத்திய மால்ட் பானத்தின் பெயராக இந்தியச் செவிகளில் ஏற்கெனவே வலிமையோடு பிணைந்துவிட்ட சொல். ஆக்டேன் என்றால் ஆற்றல், பூஸ்ட் என்றால் ஊட்டம். இரண்டும் சேர்ந்தபின் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

என்ஜினுக்குள் நிகழ்வது இது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியைப் பிஸ்டன் நெருக்குகிறது. உரிய கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி எழுப்புகிறது. சுடர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் பரவுகிறது. சுடர் இன்னும் சென்றடையாத மூலையில் உள்ள கலவை, அழுத்தமும் வெப்பமும் பொறாமல் முந்திக்கொண்டு தானே தீப்பற்றினால் அழுத்த அலைகள் உருளையின் சுவர்களில் மோதுகின்றன. வெளியே ‘டக டக’ என்று கேட்கும் அந்த ஓசையே நாக்கிங். அது நீடித்தால் பிஸ்டனே சிதையக்கூடும். அழுத்த விகிதம் மிகுந்த என்ஜின்களும், காற்றை முன்கூட்டியே நெருக்கி உள்ளே தள்ளும் டர்போ என்ஜின்களும் இதற்கு எளிதில் இலக்காகின்றன. செயல்திறன் மிக்க கார்களுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவைப்படுவது இதனால்தான். பெட்ரோல் அந்த என்ஜினுக்கு வலிமையைத் தருவதில்லை. அது தன் வலிமையைக் காட்டும் வரை வெடிக்காமல் காத்திருக்கிறது. காத்திருப்பைக் கேட்காத சாதாரண என்ஜினுக்குக் காத்திருக்கும் பெட்ரோலால் பயன் ஏதுமில்லை.

அளவுகோலின் வரலாறும் பெயர்களின் குழப்பத்திலேயே தொடங்குகிறது. 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இரண்டு ஹைட்ரோகார்பன்களை எல்லைக் கற்களாக நட்டார். எளிதில் நாக்கிங் செய்யும் ஹெப்டேனுக்குச் சுழியம். நன்கு தாங்கும் ஐசோஆக்டேனுக்கு 100. ஒரு பெட்ரோலின் எண் 91 என்றால், 91 விழுக்காடு ஐசோஆக்டேனும் 9 விழுக்காடு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே சோதனை என்ஜினில் அதுவும் நடந்துகொள்கிறது என்று பொருள். தொடக்க காலத்தில் அளவுகோலுக்கான தூய ஹெப்டேன் கிடைத்தது கலிபோர்னியாவில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசினிலிருந்து. ஐசோஆக்டேன் என்று வழங்கும் பொருளோ, வேதியியல் பெயரிடு முறைப்படி 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன். கிளைகள் இல்லாத அசல் ஆக்டேனை அதே சோதனைக்கு உட்படுத்தினால் அது பெறும் எண் சுழியத்துக்கும் கீழே. ஆக்டேனின் ஆக்டேன் எண்ணே எதிர்மம் என்பதைவிடப் பெயருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவை வேறெதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடாது.

ஆக்டேன் ஆற்றலன்று என்பதற்கு எத்தனால் சான்று. அதன் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டுவது. ஆயினும் ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கியுள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. இன்று நாடெங்கும் விற்பனையாகும் இ20 பெட்ரோல், முன்பிருந்த 91-ஐவிட உயர்ந்த ஆக்டேன் எண் கொண்டது. அதே வேளையில் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவே ஓடுவது. இவ்விரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக மக்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் வேதியியல் அன்று, சொல்.

புனே நகரின் மென்பொருள் பொறியாளர் ஒருவரின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. இ20 வருவதற்கு முன், 91 பெட்ரோலே எங்கும் கிடைத்த காலம் அது. தம் டர்போ ஹாட்ச்பேக் காரின் கணினியை அவர் ரீமேப் செய்திருந்தார். லோனாவ்லாவை அடுத்த ஆம்பி வேலியின் விமான ஓடுபாதையில் நடைபெறும் நேர்கோட்டுப் பந்தயத்தில் ஒருமுறையேனும் ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரீமேப் செய்தவர் 97-க்குக் குறையாத பெட்ரோல் போடச் சொல்லியிருந்தார். 2020 டிசம்பரில் அறிமுகமான எக்ஸ்பி100 புனேயிலும் கிடைத்தது. ஆனால் சில பங்க்குகளில் மட்டுமே, அதுவும் சாதாரண பெட்ரோலைவிட மிகக் கூடிய விலையில். புட்டி மலிவானது. அதன் மேலுறையில் ‘30 புள்ளிகள் வரை உயர்த்தும்’ என்று அச்சிட்டிருந்தது. விளம்பரத்தில் பாதியைத் தள்ளிவிட்டாலும் 91 என்பது 106 ஆகிவிடுமே என்று அவர் கணக்கிட்டார்.

அக்கணக்கில் கூட்டல் சரி, அலகு தவறு. இவ்வணிகத்தின் வழக்கில் ‘புள்ளி’ என்பது ஓர் ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 30 புள்ளி என்றால் 3 எண். அதாவது 91 பெட்ரோல், மேலுறையின் வாக்குறுதி முழுமையாக நிறைவேறினாலும், 94-க்கு மேல் போகாது. பொய் சொல்லாமலேயே பொய்ப்பொருளை உணர்த்தும் சொல்லாட்சிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்கப் பங்க்குகளில் காணும் எண், இருவகைச் சோதனை எண்களின் சராசரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் காண்பது அவ்விரண்டில் உயர்ந்ததான ஆர்.ஓ.என். மட்டும். அமெரிக்காவின் 87 என்பதே ஏறத்தாழ இந்தியாவின் 91. அமெரிக்கக் காணொளி ஒன்றில் ‘91 போதும்’ என்று கேட்டு, புனேயில் 91 நிரப்புபவர் நிரப்புவது வேறொரு பெட்ரோலை.

அந்தக் காரோ அவருக்குத் தெரியாமல் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என்ஜினில் உள்ள நாக் சென்சார் நாக்கிங்கை உணரும்போதெல்லாம், பொறி எழும் கணத்தைக் கணினி பின்னுக்குத் தள்ளியது. என்ஜின் பிழைத்தது, வலிமை குறைந்தது. குறைந்த வலிமையை ஈடுசெய்ய அவர் ஒரு புட்டிக்கு இரண்டாக ஊற்றலானார்.

இவ்விடத்தில் ஓர் எளிய பெருக்கல் போதும். டொலுயீன் என்னும் நறுமணச் சேர்மத்தின் ஆக்டேன் எண்ணைத் தோராயமாக 120 எனக் கொள்ளலாம். 300 மில்லிலிட்டர் டொலுயீனை 45 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் அது மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. கலவையின் எண் உயர்வது ஏறத்தாழ 0.2, புட்டிக்காரரின் மொழியில் 2 புள்ளி. எத்தனாலை ஊற்றினாலும் கதை இதுவே. கலந்து உயர்த்துவதானால் லிட்டர் கணக்கில் ஊற்ற வேண்டும். ஆகவே சிறு புட்டி ஒன்று உண்மையிலேயே 2, 3 எண் உயர்த்துகிறது என்றால், அதற்குள் இருப்பது கலக்கும் பொருளன்று. தீப்பற்றும் வினைச்சங்கிலியையே இடையில் அறுக்கும் வீரியமுள்ள பொருள். சிலவற்றில் அது அரோமாட்டிக் அமீன் வகை. பலவற்றில் அது உலோகம்: எம்.எம்.டி. எனப்படும் மாங்கனீசுச் சேர்மம், அல்லது இரும்பைக் கொண்ட ஃபெரோசீன். புட்டி சிறியதாக இருப்பதே அதற்குள் என்ன இருக்கக்கூடும் என்பதற்கான முதல் தடயம்.

சிறிதளவு போதும் என்பதே இவ்வணிகத்தின் மிகப் பழைய வசீகரமும்கூட. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் நாக்கிங்கை அடக்குவதைக் கண்டறிந்தார். ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அப்போதே தெரியும். ஆனால் ஆல்கஹாலைக் கணிசமாகக் கலக்க வேண்டும். ஈயமோ ஒரு காலனுக்குச் சில மில்லிலிட்டர் போதும். 1923 பிப்ரவரியில் அது விற்பனைக்கு வந்தபோது அதற்கிட்ட பெயர் ‘எத்தில்’. பெயரில் ஈயம் இல்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் மனம் பேதலித்து ஒருவர்பின் ஒருவராக விழுந்தனர், ஐவர் இறந்தனர். ஹார்வர்டின் ஆலிஸ் ஹாமில்டன் அப்போதே எச்சரித்தார். விற்பனை சிறிது காலம் நின்று, மீண்டும் தொடங்கியது. பல பத்தாண்டுகளாக உலகின் தெருக்களெங்கும் படிந்த அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. நாடு முழுவதும் ஈயம் விலகியது 2000 பிப்ரவரியில். கடைசி நாடாக அல்ஜீரியா கைவிட்டது 2021-இல். ‘எத்தில்’ என்ற பெயருக்குப் பதிலாக ‘ஈயம்’ என்றே பங்க்குகளில் எழுதியிருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மாங்கனீசையும் ஈயத்தையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. எப்போதோ ஒருவர் ஊற்றும் ஒரு புட்டியால் ஒரு நகரம் நோயுறாது. ஆயினும் மாங்கனீசுத் தூளை நெடுநாள் சுவாசித்த தொழிலாளர்களின் நடை தளர்ந்து குரல் மெலிந்ததை ஸ்காட்லாந்து மருத்துவர் கூப்பர் 1837-லேயே பதிவு செய்திருக்கிறார். பெட்ரோலில் உலோகச் சேர்மங்கள் வேண்டாம் என்று வாகன உற்பத்தியாளர்கள் கூட்டாக வெளியிடும் உலக எரிபொருள் சாசனம் கூறுகிறது. காரணம், உலோகம் சாம்பலாக எஞ்சி ஸ்பார்க் பிளக்கிலும் ஆக்சிஜன் சென்சாரிலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் படிவது. 1995-இல் ஈயத்தை அகற்றத் தொடங்கியதே அந்தக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகவும்தான். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளின் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவதும் அதே கருவி. ஒரு நாடு முயன்று வெளியேற்றிய உலோகத்தின் இடத்திற்கு வேறோர் உலோகத்தைத் தனிமனிதர் ஒருவர் தம் கையால் ஊற்றிக்கொள்கிறார்.

புனேப் பொறியாளருக்கு இதை உணர்த்தியது நூல் எதுவுமன்று. வழக்கமான சர்வீஸின்போது முதிய மெக்கானிக் கழற்றி வைத்த நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் செங்கல் பொடி பூசியதுபோல் சிவந்திருந்தன. துருவா காகா என்று அவர் கேட்டார். “துரு இல்லை சாஹேப். பெட்ரோல் எரிந்து போய்விடும். நீங்கள் ஊற்றுகிற சரக்கு எரிந்து போகிறதில்லை” என்றார் மெக்கானிக். எஞ்சியது எங்கே போகிறது என்று கேட்டபோது, அவர் சைலன்சரின் வாயைக் காட்டிவிட்டு, பட்டறைக்கு எதிரே பள்ளி வேனுக்காகக் காத்திருந்த குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொறியாளர் ரீமேப்பை 91 பெட்ரோலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். ஓடுபாதைக்குச் செல்லும் நாளுக்கு மட்டும் எக்ஸ்பி100 நிரப்பினார்.

அவர் வந்தடைந்த முடிவு தொழில்நுட்ப நோக்கிலும் சரியானதே. என்ஜின் எந்த எண்ணுக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த எண்ணுள்ள பெட்ரோலை நிரப்புவதே வழி. அது கிடைக்காவிட்டால் என்ஜினின் அமைப்பைப் பெட்ரோலுக்கு இணங்க மாற்றலாம். தரமான பெட்ரோல் கிடைக்காத நெடும்பயணத்தில், உயர் ஆக்டேன் தேவைப்படும் காரை நாக்கிங்கிலிருந்து காக்க உலோகமற்ற பூஸ்டர் ஓரளவு உதவலாம். அதுவும் உள்ளடக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிடும் புட்டியாக இருக்கட்டும். சாதாரணக் காருக்கு அது எவ்வகையிலும் தேவையற்றது.

அறிவியல் கல்வி என்பது சூத்திரங்களைக் கற்பிப்பதோடு முடிவதில்லை. ஓர் எண்ணைக் கண்டதும் ‘எந்த அலகு?’ என்றும், ஒரு பெயரைக் கேட்டதும் ‘அது எதைச் சொல்லாமல் விடுகிறது?’ என்றும் கேட்கும் பழக்கத்தையும் அது தர வேண்டும். வேதியியல் துறையும் மொழியியல் துறையும் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பது அரிது. உதிரிபாகக் கடையின் அலமாரியில் அவை ஒரே மேலுறையில் சந்தித்துக்கொள்கின்றன. அங்கே அந்த மேலுறையைப் பிழையற வாசிக்க இரண்டும் தேவைப்படுகின்றன.