எழுநூறா, பதினெட்டாயிரமா?

தமிழ்நாட்டில் கார் வாங்குகிற யாரும் ஹீட்டர் எப்படி என்று கேட்பதில்லை. டாஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்புக்கு நகர வேண்டிய அந்தக் குமிழ், கார் விற்கப்படும் நாள்வரை நீலத்திலேயே கிடக்கும். தில்லியில் கதை வேறு. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை, வெப்பநிலை 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும் காலைகளில், ஹீட்டர் சொகுசுச் சாதனம் அல்ல. முன்கண்ணாடி வழியே பாதை தெரிய வேண்டுமானால் அது வேலை செய்தாக வேண்டும்.

உள்ளே இருப்பவர்களின் மூச்சில் உள்ள ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்திவலையாகப் படிகிறது. வெளியே ஒரு பனிமூட்டம், உள்ளே இன்னொன்று. ஏ.சி. போட்டால் காற்றிலுள்ள ஈரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 5 டிகிரிக் குளிரில் ஏ.சி.யை மட்டும் ஓடவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விரல்கள் விறைத்துவிடும். ஏ.சி. ஈரத்தை எடுக்க, ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்க, இரண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி சீக்கிரம் தெளியும்.

எங்கள் கார் 12 வயதான பெட்ரோல் கார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. அதை அதிகம் ஓட்டுவது என் மனைவி. ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை 7 மணி ஷிப்ட். ஜனவரியில் தில்லியில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்குமேல்தான் என்பதால், மயூர் விஹாரிலிருந்து கிளம்பி நிஜாமுதீன் பாலத்தில் யமுனையைக் கடக்கும்போது முழு இருட்டு. அப்படி ஒரு காலையில் ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊத ஆரம்பித்தது. துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனவளுக்கு, பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் ஒன்று மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பிரேக் பிடித்தது, பின்னால் யாரும் வரவில்லை. "நாளைக்கு நான் பஸ் மாறிப் போய்க்கிறேன். நீங்க இதைச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க" என்றாள் மாலையில். பஸ் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரம். அதாவது காலை ஐந்தரை மணிக்குக் கிளம்ப வேண்டும்.

திருநெல்வேலியில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "காருக்குள்ள ஹீட்டரா? எதுக்குடா, வெந்நீர் வைக்கவா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள் என்றாலும், விஷயம் கிட்டத்தட்ட அதுதான். கார் ஹீட்டரில் மின்சாரக் கம்பிச் சுருள் எதுவும் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி வருகிற கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் இருக்கும். அதில் ஒரு பகுதியை இரண்டு ரப்பர் குழாய்கள் வழியே டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்கு அனுப்புகிறார்கள். இதற்கு ஹீட்டர் கோர் என்று பெயர். மின்விசிறி அதன்மேல் காற்றை ஊத, சூடான காற்று உள்ளே வருகிறது. எஞ்சின் வீணாக்கும் வெப்பம்தான். தனிச் செலவு இல்லை.

எங்கள் காரைப் போன்ற சில கார்களில், உள்ளே போகும் குழாயின் நடுவே ஒரு சிறு வால்வு உண்டு. குமிழைச் சிவப்புக்குத் திருப்பினால் ஒரு கேபிள் அந்த வால்வைத் திறக்கும். வேறு பல கார்களில் இந்த வால்வே கிடையாது. அங்கே சூடான நீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு தடுப்புக் கதவுதான் காற்றை அதன் பக்கமாகவோ வேறு பக்கமாகவோ திருப்பிவிடும். ஆகவே ஹீட்டர் வால்வை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தக் காரில் வால்வு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

மூன்று இடங்களில் மதிப்பீடு வாங்கினேன்.

முதலாவது, கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். குளிரூட்டப்பட்ட அறை, காபி, கையில் டேப்லெட்டுடன் ஓர் இளைஞர். எஞ்சினை ஓடவிட்டு உள்ளே கை நீட்டிப் பார்த்தார், காற்று குளிர்ந்திருந்தது. பானெட்டைத் திறக்கவில்லை. "ஹீட்டர் யூனிட் முழுக்க மாற்றணும் சார். டாஷ்போர்டைக் கழற்றணும், இரண்டு நாள் ஆகும்" என்றார். கோர், வால்வு, குழாய்கள், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 18,600, வரி தனி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "இந்த மாடலில் பொதுவாக அதுதான் போகும்" என்று பதில் வந்தது.

இரண்டாவது, எங்கள் காலனிக்கு வெளியே வேப்பமரத்தடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக். பஞ்சர் முதல் கிளட்ச் வரை எல்லாம் அங்கே நடக்கும். பானெட்டைத் திறந்தவர் வால்வைப் பார்த்ததும் சிரித்தார். "இதை எடுத்து எறிந்துவிட்டு நேராக ஒரு பைப் போட்டுவிடுகிறேன் சாப். எழுநூறு ரூபாய், அரை மணி நேரம்." வெயில் காலத்தில் என்ன செய்வது? "ஏப்ரலில் வாருங்கள், பைப்பை அடைத்துவிடலாம்." கோளாறு எங்கே என்பதை அவர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஏப்ரலில் அடைக்க மறந்தால், மே மாதத்து 44 டிகிரி வெயிலில், ஏ.சி. ஒரு பக்கம் குளிர்விக்க, 90 டிகிரி நீர் மறுபக்கம் உள்ளே சூடேற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, பட்பட்கஞ்ச் பக்கம் ஒரு நடுத்தர ஒர்க்‌ஷாப். அறுபதை நெருங்கும் சர்தார்ஜி ஒருவர் நடத்துகிறார். விலை கேட்டேன். "முதலில் நோய், அப்புறம் மருந்து" என்று சொல்லிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். சூடு முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்தார். குமிழைச் சிவப்பில் வைத்து, எஞ்சினிலிருந்து உள்ளே போகும் குழாயை வால்வுக்கு முன்னால் தொட்டார். கையை உடனே எடுத்துக்கொண்டார். வால்வுக்கு அப்பால் தொட்டார், அங்கே குளிர்ச்சி. திரும்பி வரும் குழாயும் கோருக்குப் பக்கத்தில் குளிர்ச்சி. பிறகு என்னை உட்கார வைத்துக் குமிழைத் திருப்பச் சொன்னார். கேபிள் இழுத்தது, வால்வின் கைப்பிடியும் அசைந்தது, உள்ளே எதுவும் திறக்கவில்லை. மொத்தம் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் நான்கு சந்தேகங்களைத் தீர்த்துவிட்டார். இரண்டு குழாய்களும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்து, சூடு முள்ளும் ஏறாமல் இருந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது கூலன்ட் குறைந்திருக்கலாம். இரண்டும் நன்றாகச் சுட்டு, காற்று மட்டும் குளிர்ந்திருந்தால் குற்றம் காற்றைத் திருப்பும் கதவில். வால்வைத் தாண்டிச் சூடு வந்து, திரும்பும் குழாய் மட்டும் குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கும். கைப்பிடி அசையவே இல்லையென்றால் கேபிள். இவை எதுவும் இல்லை; வால்வுதான்.

"ஆனால் கோரைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். வால்வைக் கழற்றித் தண்ணீர் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் அடைத்திருந்தால் வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்குப் போன் செய்வேன்" என்றார். தாளில் எழுதிக் கொடுத்தார்: வால்வு 950, குழாய்கள் 400, கிளாம்ப்கள் 160, கூலன்ட் 750, கூலி 900. ஆக மொத்தம் ரூ. 3,160.

மனிதர் பிடித்துப்போனார் என்பதற்காக விலையும் சரி என்று முடிவுகட்ட முடியாது. மறுநாள் காஷ்மீரி கேட்டுக்குப் போனேன். ஷாஜஹான் கட்டிய நகரத்தின் வடக்கு வாயில். 1857 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டு நுழைந்த இடம். இன்று அதைச் சுற்றியுள்ள சந்துகளில் கிடைக்காத மோட்டார் உதிரிபாகமே இல்லை. கடைக்காரர் மேசைமீது மூன்று வால்வுகளை வைத்தார். கார் கம்பெனியின் முத்திரையுடன் பெட்டியில் வந்தது 1,450. கம்பெனிக்கே செய்து தருபவர் தன் சொந்தப் பெயரில் விற்பது 920. பெயரும் இல்லாமல், பெட்டியில் எம்.ஆர்.பி.யும் இல்லாமல் வந்தது 350. மூன்றாவதன் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தபோது, அச்சிலேயே ஆடியது. சர்தார்ஜி எழுதியிருந்த 950 இரண்டாவதற்கான விலை. 30 ரூபாய் அவர் லாபம். அதை யார் குறை சொல்ல முடியும்?

18,600 ரூபாய்க்கும் நியாயம் உண்டா என்று யோசித்தேன். ஓரளவு உண்டு. பெரிய சர்வீஸ் சென்டர்கள் வாரண்டி தர வேண்டியிருப்பதால், ஒரு பாகத்தை மாற்றிப் பக்கத்துப் பாகம் பிறகு போய்ப் பெயர் கெடுவதைவிட, மொத்த யூனிட்டையும் மாற்றிவிட விரும்புகிறார்கள். டாஷ்போர்டைக் கழற்றி மாட்டுவதும் உண்மையிலேயே ஒரு நாள் வேலை. ஆனால் எங்கள் காரில் வால்வு இருப்பது பானெட்டுக்கு அடியில், கைக்கு எட்டும் இடத்தில். அதற்காக டாஷ்போர்டைக் கழற்றச் சொல்வது, பல் வலிக்குத் தாடையை மாற்றச் சொல்வது மாதிரி. எழுநூறு ரூபாய்க்காரரையும் நான் மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். அன்றாடம் ஓடினால்தான் கஞ்சி என்றிருக்கும் டாக்ஸிக்காரருக்கு அந்த நேர் பைப் குளிர்காலத்தைத் தாண்ட உதவும். எனக்கு அது போதாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை, எஞ்சின் முழுதாக ஆறியபின் வேலை ஆரம்பித்தது. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். கூலன்டில் பாதியை வாளியில் வடித்தார்கள். உதவிக்கு இருந்த பையன் பழைய குழாயைப் பிடித்து முறுக்கப் போனான். சர்தார்ஜி ஒரே அதட்டலில் நிறுத்தினார். கோரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை மெல்லிய உலோகம். ஆண்டுக்கணக்கில் ஒட்டிப்போன ரப்பரை முறுக்கி இழுத்தால் அதுவும் சேர்ந்து பிய்ந்துவிடும். அப்படிப் பிய்ந்திருந்தால் அந்த 18,600 ரூபாய் மதிப்பீடு அன்றே உண்மையாகியிருக்கும். அவர் பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டை உரிப்பதுபோல் உரித்தெடுத்தார். கூலி 900 ரூபாயில் பெரும்பகுதி அந்தக் கீறலுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

கழற்றிய வால்வை என் கையில் கொடுத்தார். உள்ளே வெள்ளையும் துருநிறமுமாகச் சுண்ணாம்புப் படிவு. தட்டு அதில் சிமெண்ட் பூசியதுபோல் ஒட்டியிருந்தது. கைப்பிடிக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த பிளாஸ்டிக் அச்சு முறிந்திருந்தது. முந்தைய சொந்தக்காரர் ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்க வேண்டும் என்றார். உப்புத் தண்ணீர் படிவை உண்டாக்கும், துருப்பிடிக்க வைக்கும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் உறைவதையும் கொதிப்பதையும் தள்ளிப்போடும். அதில் சேர்க்கும் மருந்துகள் துருவைத் தடுக்கும். கலக்க வேண்டியது காய்ச்சி வடித்த நீரைத்தான். ஓர் எச்சரிக்கை: கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கடும் விஷம். வடித்த வாளியைக் குழந்தைகளும் நாயும் நெருங்காதபடி மூடி வைக்க வேண்டும்.

கோருக்குள் எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டார்கள். முதலில் தேநீர் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. புதிய வால்வின் மேல் இருந்த அம்புக்குறி நீர் போகும் திசையைப் பார்க்கும்படி வைத்து, கிளாம்ப்களை இறுக்கி, கேபிளை மாட்டினார்கள். கூலன்ட் ஊற்றியபின் மூடியைத் திறந்தே வைத்து, குமிழைச் சிவப்பில் வைத்து எஞ்சினை ஓடவிட்டார்கள். குமிழிகள் வந்து நின்றன. உள்ளே காற்று தங்கியிருந்தால் புதிய வால்வு போட்டும் ஹீட்டர் சுடாது. கடைசியில் இரண்டு குழாய்களையும் என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டும் சுட்டன.

எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. பில் கொடுத்தார். கேட்டு வாங்க வேண்டியது அது: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். தகராறு என்று வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும். பெரிய மதிப்பீடுகளில் வரியையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம்தான், 28 என்று யாராவது எழுதினால் தேதியைக் காட்டலாம்.

ஆக, மதிப்பீடுகளை விலையை வைத்து வரிசைப்படுத்துவதில் பயனில்லை. கோளாறை எப்படிக் கண்டார் என்று சொல்ல முடிகிறதா? பாகம், கூலி தனித்தனியாக எழுதியிருக்கிறாரா? தனக்கு இன்னும் தெரியாதது எது என்று ஒப்புக்கொள்கிறாரா? பழைய பாகத்தைக் கையில் தருகிறாரா? நான்குக்கும் ஆம் என்றால், விலை கொஞ்சம் கூடுதலானாலும் கொடுக்கலாம்.

திங்கட்கிழமை என் மனைவி ஆறு மணிக்கு எழுந்தால் போதுமானதாக இருந்தது. சர்தார்ஜி கடைசியாகச் சொன்னதை மட்டும் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள்: கோடையிலும் மாதம் ஒருமுறை குமிழைச் சிவப்புக்கும் நீலத்துக்கும் நாலைந்து தடவை திருப்ப வேண்டும். அசையாமல் கிடக்கிற வால்வுதான் ஒட்டிக்கொள்ளும்.