கருவோடு வளர்ந்த கட்டி

கர்ப்பமுற்ற பெண்ணுக்கு ஊரார் கூறும் புத்திமதிகள் அனந்தம். அன்னாசி உண்ணாதே, பப்பாசியைக் கண்ணாலும் பாராதே, மஃரிபு வேளையில் மரத்தடியில் நில்லாதே என்று தொடங்கி, எந்தப் பக்கம் சரிந்து படுப்பது என்பது வரையில் சொல்லித்தர ஆளுண்டு. எனக்கும் குறைவின்றிச் சொன்னார்கள். ஆனால், சிசு வளரும் அதே வயிற்றில் அதனருகே ஒரு கட்டியும் இருக்கக்கூடும் என்பதையும், இருந்தால் என்ன செய்வதென்பதையும் ஒருவரேனும் சொன்னாரில்லை. அவர்களை நோவதற்கில்லை. முன்னாளில் அது எவர் கண்ணுக்கும் புலப்படாத சங்கதி.

எங்கள் மாவடிப்பள்ளி, கிழக்கே காரைதீவுக்கும் மேற்கே சம்மாந்துறைக்கும் நடுவில், வயல்களின் மத்தியில் கிடக்கும் சிற்றூர். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத முடிவில், பதினோராம் வாரத்துக் கர்ப்பிணியாக ஸ்கேன் பரிசோதனைக்குச் சென்றேன். எனக்கு அது தலைப்பிள்ளை. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. சம்மாந்துறையிலும் ஓர் ஆதார வைத்தியசாலை உண்டு. இவற்றுள் ஒன்றில்தான் என் கதை நடந்தது. எதுவென்று கூறுவது அவசியமன்று.

வைத்தியர் திரையைப் பார்த்தார். சிசுவின் நெஞ்சுத் துடிப்பைக் காட்டினார். நான் அதிலேயே லயித்திருக்கையில் அவருடைய கை வயிற்றின் வலப்புறத்தில் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை நன்றாக இருக்கிறது. வலது சூலகத்தில் ஒரு கட்டி இருக்கிறது. குறுக்களவு 7 சென்றிமீற்றர்," என்றார்.

கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுவது ஒரே ஒரு நோயின் பெயர்தான் என்பதைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் முகம் போன போக்கைக் கண்டு அவரே தொடர்ந்தார். கர்ப்பகாலத்திற் காணப்படும் சூலகக் கட்டிகளுள் புற்றுநோயாக முடிபவை மிகச் சிலவே. பெரும்பாலானவை தாமே மறைந்துவிடுவன. ஆகையால் இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. பதினாறாம் வாரத்தில் திரும்பப் பார்ப்போம் என்றார்.

தாமே மறைவது எங்ஙனம்? பின்னர் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் மஞ்சட் சடலம் என்றொரு சிறு கோளம் உண்டாகிறது. சூல்வித்தகம் வளர்ந்து தன் பொறுப்பை ஏற்கும்வரை, ஏறக்குறைய முதல் எட்டுப் பத்து வாரங்களுக்குக் கருவைக் காத்து நிற்கும் ஓமோனைச் சுரப்பது இதுவே. சிலருக்கு அதனுள் நீர் கோத்துக் கட்டியாகத் தோற்றும். கடமை முடிந்ததும் அது வற்றிச் சுருங்கிவிடும். அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே கத்தி வைத்தால், கருவுக்கு ஆதாரமானதையே அறுத்தெறிந்ததாகவும் முடியலாம். பொறுத்திருப்பதும் ஒரு சிகிச்சையே என்பதை அன்றுதான் அறிந்தேன். அறிந்தபடி பொறுத்திருப்பது வேறு விஷயம்.

ஒன்றை மாத்திரம் வைத்தியர் அழுத்திக் கூறினார். "அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென்று கடும் வலி வந்து வாந்தியும் எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுநிசியாயினும் உடனே வர வேண்டும்."

எங்கள் ஊர்ப் பெயரிலேயே மாமரம் இருக்கிறது. ஆதலால் அதனையே உவமையாகக் கூறலாம். கட்டி கொண்ட சூலகம் காம்பில் தொங்கும் மாங்காயைப் போன்றது. கருப்பை இடுப்புக்குழியை விட்டு மேலெழும் காலத்தில் அதுவும் இடம் பெயர்ந்து ஆடும். ஆடுகையில் காம்பு முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுபோகும். சூலகம் சில மணி நேரத்தில் கறுத்துக் கெடும். தாய்க்கு ஆபத்து, சிசுவுக்கும் ஆபத்து. பிரசவத்தின்பின் கருப்பை சுருங்கும்போதும் இதே பயமுண்டு.

வீட்டுக்கு வந்தோம். எங்கள் பகுதியில் பெண் மணமானபின்பும் தாய்வீட்டிலேயே வாழ்கிறாள். மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறார். ஆகவே நான் உம்மாவோடும் மூத்தம்மாவோடும் ஒரே கூரையின் கீழ் இருந்தேன். உம்மா செய்திகேட்டு முதலிற் சொன்னது, "மாமிக்குச் சொல்லாதே மகள்," என்பதே. மருமகள் வயிற்றிற் குற்றம் என்று பேச்சு வந்துவிடுமாம். அன்றிரவே ஓதிய நூலொன்று என் கையில் ஏறியது. மூத்தம்மா காதுகேளாதவர்போல் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். என் கணவரோ மாரி வேளாண்மைக்கு வயல் திருத்தும் நாட்கள் அவை, சேற்றுக்காலோடு வந்து, "வலி இருக்கிறதா?" என்று வாசலில் நின்று கேட்பார். இல்லை என்றபின்தான் கால் கழுவப் போவார். ஐந்து வாரங்கள் இவ்வண்ணம் கழிந்தன. வாயுத் தொல்லையினால் விலா சற்றே இழுத்தாலும் எழுந்து விளக்கைப் போட்டுவிடுவேன்.

உறக்கம் வராத அந்த இரவுகளில் படித்த இரண்டு செய்திகள் எனக்குப் பெரும் ஆறுதல் அளித்தன.

நான் படுத்த அந்த ஸ்கேன் இயந்திரம் கர்ப்பிணிகளுக்காகப் பிறந்தது என்றே எண்ணியிருந்தேன். அதன் தொடக்கத்திலேயே சூலகக் கட்டி இருக்கிறது! ஸ்கொத்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று வைத்திய நிபுணர் இயன் டொனால்ட் என்பவர், உலோகத்தில் உள்ள வெடிப்பை ஒலியலையாற் கண்டறியும் கருவியொன்று கொதிகலன் தொழிற்சாலையில் இருப்பதை அறிந்தார். 1955ஆம் ஆண்டில், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு அத்தொழிற்சாலைக்கே போய்விட்டார். ஒப்புநோக்குவதற்கு மாட்டிறைச்சித் துண்டொன்றும் வைக்கப்பட்டதாம். நீர்க்கட்டி ஒருவிதமாகவும் தசைக்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலி தந்தன. பின்னர், தீராத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர் இம்முறையிற் சோதித்தபோது, உள்ளே இருப்பது புற்றன்று, பெரிய சூலகக் கட்டி என்று தெரிந்தது. அகற்றினார்கள், அவள் பிழைத்தாள். 1958இல் இவையெல்லாம் லான்செற் என்னும் மருத்துவச் சஞ்சிகையில் வெளியாகின. அதன்பின்புதான் உலகெங்கும் தாய்மார் தம் சிசுக்களைத் திரையிற் காணத் தொடங்கினர்.

இரண்டாவது செய்தி இன்னும் பழையது. அமெரிக்காவில் கென்ரக்கி மாநிலத்தில் ஜேன் டொட் குறோபோட் என்ற பெண்மணிக்கு வயிறு பருத்தது. இரட்டைப் பிள்ளைகள், நாள் கடந்துவிட்டது என்றே வைத்தியர்கள் கருதினர். எப்ரேம் மக்டவல் என்ற வைத்தியர் வந்து சோதித்து, இது கர்ப்பமன்று, சூலகக் கட்டி என்றார். அவருடைய ஊருக்கு வந்தால் அறுத்துப் பார்க்கலாம், ஆனால் எவரும் இதுவரை செய்து வென்றதில்லை என்பதையும் மறைக்காமற் கூறினார். அந்தப் பெண் ஏறக்குறைய 60 மைல் தூரம் குதிரை ஏறிச் சென்றாள். 1809 டிசெம்பரில், மயக்க மருந்து என்பதே இல்லாத அக்காலத்தில், 25 நிமிடங்களில் 22 இறாத்தலுக்கு மேற்பட்ட கட்டி அகற்றப்பட்டது. ஐந்தாம் நாள் வைத்தியர் வந்து பார்க்க, அவள் எழுந்து தன் படுக்கையைத் தானே விரித்துக்கொண்டிருந்தாளாம்! அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள்.

இந்தக் கதையை ஒரு மாலையில் உம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாக்குரலின் ஓசை நின்றது. அதுவரை வாய் திறவாதிருந்த மூத்தம்மா பேசினார்.

"நான் குமராக இருந்த காலம். பக்கத்து வளவில் ஒருத்தி. கலியாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. பிறகு வயிறு வந்தது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டோம். பத்து மாதம் போனது, பன்னிரண்டு மாதம் போனது, பிள்ளை வரவில்லை. சூனியம் என்றார்கள். பேய்க்கரு என்றார்கள். என்னென்னவோ ஓதினார்கள். அவளை உள்ளே பார்ப்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை. வயிற்றோடேயே மௌத்தானாள்." சிறிது நேரம் கழித்து, "உன்னைப் பார்க்க ஆளிருக்கிறது. வெட்டச் சொன்னால் வெட்டு," என்றார்.

வீட்டில் மறுப்புச் சொல்லப்போகிறவர் மூத்தம்மாதான் என்று அஞ்சியிருந்தோம்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவைக்க விரும்புகிறேன். மணமாகாத குமரியின் வயிற்றிற் கட்டி பருத்தால் நம் ஊர்களில் என்னென்ன பேச்சு எழும் என்பது எல்லோருக்கும் தெரியும். வைத்தியரிடம் காட்டுவதற்கே பயந்து, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகள் உண்டு. சூலகக் கட்டி கன்னிக்கும் வரும், கிழவிக்கும் வரும். கண்ணால் அளந்து தீர்ப்புக் கூறும் அயலாரைப் போன்ற கொடியவர் வேறில்லை.

நிற்க. நவம்பர் முதல் வாரத்தில் பதினாறாம் வாரத்துப் பரிசோதனை. கட்டி மறையவில்லை, 9 சென்றிமீற்றர் ஆகியிருந்தது. உள்ளே வெண்மையான நிழல்களைக் காட்டி, இது வெறும் நீரன்று, கொழுப்பும் உரோமமும் கொண்ட தோற்கட்டி என்றார் வைத்தியர். மஞ்சட் சடலத்தைப்போல் இது வற்றாது. என் கணவர், பிரசவம்வரை பொறுக்கலாகாதா என்று வினவினார். பொறுப்பவர்களும் உண்டு என்றே வைத்தியர் சொன்னார். ஆனால், இந்தப் பருமனில் முறுகும் பயம் இருக்கிறது. தாழ்ந்து கிடந்தால் பிரசவ வழியையும் அடைக்கும். இருபதாம் வாரத்துக்கு முன்னரானால் கருப்பை சிறிது, கை நுழைய இடமுண்டு. பின்னே போகப் போகக் குறைமாதப் பேறு நேரலாம். இப்போது செய்தாலும் கரு கலையும் அபாயம் அறவே இல்லை என்று தம்மாற் கூற இயலாது என்றார்.

அதன்பின் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "உங்கள் வீடு எங்கே?"

"மாவடிப்பள்ளி."

"மழைக்காலத்தில் வீதியில் தண்ணீர் பாயுமா?"

பாயும் என்றோம். வெள்ளம் பெருகும் நாட்களில் காரைதீவு வீதி வயலோடு வயலாகிவிடும் என்றோம். அவர் சற்றே யோசித்தார். "முறுகினால் சில மணி நேரத்துக்குள் நீங்கள் இங்கே வந்து சேர வேண்டும். அதையும் யோசித்து முடிவு சொல்லுங்கள்," என்றார். ஒரு பெண்ணின் நோயைக் கணிக்கும்போது அவள் வீட்டுக்குப் போகும் வீதியையும் சேர்த்துக் கணித்த அந்த வைத்தியருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். "வயிறு உன்னுடையது. நீ சொல்," என்றார். கையொப்பமிட்டேன். அன்று மாலை மாமிக்கும் சொல்லிவிட்டோம். உம்மா பயந்தவாறு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையில் பால்கஞ்சியோடு வந்து என் அருகில் உட்கார்ந்துகொண்டார்.

சத்திரசிகிச்சையைப்பற்றி நான் சொல்லக்கூடியது சொற்பம். முதுகிலே ஊசி, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போயிற்று. பச்சைத் திரைக்கு அப்பால் கத்திரிகள் தட்டில் விழும் ஓசையும் வைத்தியர்கள் பேசும் ஓசையும் கேட்டன. சூலகத்தை முழுதும் எடுக்காமல், பழத்தோலை உரிப்பதுபோற் கட்டியை மாத்திரம் கழற்றினார்களாம். முடிந்ததும் தாதி ஒருத்தி சிறு கருவியை வயிற்றில் வைத்தாள். முதலிற் கரகரப்பு, பின்னர் குதிரை ஓடுவதுபோல் சிசுவின் நெஞ்சொலி. நான் அழுதேன், தாதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அகற்றியதை என் கணவருக்குக் காட்டினார்களாம். மெழுகு போன்ற கொழுப்பு, அதனுள் சுருண்ட நீள முடி, ஒரு பல்லின் முளை. பார்த்தவர் அன்றிரவு உண்ணவில்லை. முட்டையாவதற்குரிய உயிரணு, உடலின் எந்த உறுப்பையும் ஆக்கவல்லது. அது இடந்தெரியாமல் வளர்ந்தால் முடியும் பல்லும் ஆகின்றன. சூனியம் என்று முற்காலத்தார் நடுங்கியதற்கும் காரணம் இருந்திருக்கிறது.

நான்காம் நாள் வீடு வந்தேன். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கை வரச் சில வாரமாகும் என்றனர்.

அதற்கிடையில் மழை வந்தது. 2024 நவம்பர் 26ஆம் நாளை எங்கள் ஊரார் மறக்கமாட்டார். மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்திற் புரண்டது. பாலர்கள் மாண்டனர். அந்த நாட்களில் ஊரில் அடுப்பெரிந்த வீடு குறைவு. பெற்றோர் கரையில் நின்று கதறிய ஓசையைப்பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. இரவில், காயம் ஆறிவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்திருக்கையில், உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்றைக்கு அந்த வலி வந்திருந்தால், மகள்?" ஒருவரும் பதில் கூறவில்லை.

வெள்ளம் வடிந்தபின் டிசெம்பரில் என் கணவர் போய் அறிக்கையைப் பெற்றுவந்தார். கெடுதியற்ற கட்டி என்று எழுதியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, மாமரத்தடியிற் சைக்கிளைச் சாத்தியபடி வெகுநேரம் நின்றார். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்ட பின்னர்தான் வந்தார்.

ஏப்ரல் மாதத்தில், வீதி காய்ந்து புழுதி பறந்த ஒரு நாளில், பெண்குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 900 கிராம். கத்தியின்றிச் சுகப்பிரசவம். தலை நிறைய அடர்ந்த முடி. மூத்தம்மா மடியில் வாங்கித் தலையைத் தடவிப் பார்த்து, "இந்த முடிதான் வழிதவறிப் போனதா?" என்று சிரித்தார். ஏழாம் நாள் அதை இறக்கினோம்.

ஆறு மாதத்துக்குப்பின் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சூலகங்களும் நன்றாக இருக்கின்றன என்றார் வைத்தியர். தோற்கட்டி சிலருக்கு மறுபடியும் வருவதுண்டாகையால், வருடத்துக்கு ஒரு முறை வந்து காட்டும்படி சொல்லியிருக்கிறார். மாரிக்கு முன்னரே போய் வருவதென்று முடிவுசெய்திருக்கிறோம்.