அசையும் தட்டிகளும் அசையா வழியும்

நாம் கற்பிக்கும் பாடசாலையில் நீண்ட மண்டபமொன்று உண்டு. அங்கே வகுப்புகளைப் பிரிப்பவை சுவர்களல்ல, தட்டிகளே. மாணவர் தொகைக்கேற்ப அவற்றை நகர்த்திக்கொள்ளலாம். ஆசிரியர் கூட்டத்தில் இவ்வேற்பாட்டை முதலில் ஆதரித்தவர் நாமே. சென்ற தவணையின் முதல் நாள், பார்வை குன்றிய மாணவியொருத்தி தட்டிகளிடையே திகைத்து நின்று, "சேர், எங்கட வகுப்பு எங்க?" என்று கேட்டாள். அவள் கால்கள் பழகிய வழியை விடுமுறையில் நாமே தட்டியிட்டு மறித்திருந்தோம். எமக்கு நாணமாயிற்று.

பாரிஸ் நகரிலே 1977இல் திறக்கப்பட்ட பொம்பிடு நிலையம் அப்போது நினைவுக்கு வந்தது. ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ரொஜர்ஸ் முதலானோர் அதன் தளங்களைத் தூண்களின்றி அமைத்தனர். உட்தடுப்புகளை வேண்டியவாறு மாற்றுவதே நோக்கம். ஆயின், மக்கள் ஏறும் நகரும் படிக்கட்டுகளைக் கண்ணாடிக் குழாயினுள் இட்டுக் கட்டடத்தின் முகப்பிலேயே நிறுத்தினர். காற்றுக்கு நீலம், நீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மக்கள் போக்குவரத்துக்குச் சிவப்பு என நிறங்களும் வகுத்தனர். உள்ளே எது மாறினும், ஏறும் வழி வெளியே சதுக்கத்தில் நிற்பவருக்கும் தெரிந்தது.

மாற்றம் வேண்டுமென்போர் நாம். எனினும் மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுகின்றது? அலுவலகமொன்றில் பிரிவுகள் இடம்மாறினால், உள்ளே ஆள் பழக்கம் உள்ளவர் காரியத்தை முடித்துக்கொள்கிறார். அன்றைய கூலியை விட்டு வந்தவரே வாயில் வாயிலாக அலைகிறார்.

இப்போது எம் மண்டபத்தின் நடுவே அகன்ற மஞ்சட்கோடுகள் இரண்டு இட்டுள்ளோம். எத்தட்டியும் அவற்றைக் கடப்பதில்லை. ஆசிரிய நண்பர்களே, முதலில் நடைவழியைக் குறியுங்கள். பின்னர் தட்டிகளை நகர்த்துங்கள்.