எதிர்க் கட்டில்

மார்மன் ஊழியர்கள் என்றதும் எல்லாருக்கும் கதவுதான் நினைவுக்கு வருகிறது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, அழைப்பு மணி, வேண்டாம் என்று சொல்லிச் சாத்தப்படும் கதவு. இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயரின் பிரெஸ்டன் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி இரண்டு பையன்கள் வந்துபோனார்கள். அவர்களுடைய ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்று அருகிலிருந்து பார்த்த பிறகு, கதவைப் பற்றிய என் கவலை குறைந்துவிட்டது. கதவைச் சாத்தியவரை மறுநாள் பார்க்க வேண்டியதில்லை. அதே அறையில் எதிர்க் கட்டிலில் படுத்திருப்பவனை நாளைக்கும் பார்க்க வேண்டும், நாளை மறுநாளும் பார்க்க வேண்டும். அந்த வாரத்தின் பாரம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஒருவன் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில், கேஷ் பள்ளத்தாக்கில் மாடு வளர்த்துப் பால் விற்கும் குடும்பத்துப் பிள்ளை. 19 வயது. மற்றவன் கானா நாட்டின் குமாசி நகரத்துக்காரன், 22 வயது. இருவரையும் ஜோடி சேர்த்தவர் அவர்களுடைய மிஷன் தலைவர். யாரோடு இருக்க விருப்பம் என்று ஒருவரையும் கேட்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். வந்தால் இரண்டு பெட்டியோடு ரயிலேற வேண்டும், வராவிட்டால் இன்னும் ஆறு வாரம் அதே அறை, அதே முகம். குளிக்கப் போகும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தில் முதல் சில மாதம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் அளந்து பார்ப்பார்களே, அப்படித்தான் இருக்கிறது என்றாள் என் மனைவி. பெயர்ப்பட்டையில் ‘எல்டர்’ என்று போட்டு அடுத்துக் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த இரண்டு வருடம் பக்கத்தில் ஆள் கிடையாது.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் அவர்களுடைய சபையின் முழுப்பெயர். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. அதே ஆண்டிலேயே அவருடைய தம்பி சாமுவேல், அச்சாகி வந்த மார்மன் புத்தகத்தின் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடக்கத் தொடங்கிவிட்டார். இன்றைக்கு ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம் ஊழியம். சம்பளம் கிடையாது. இந்த உட்டாப் பையனுக்காக அவன் குடும்பம் மாதம் 500 டாலர் சபையின் பொதுநிதியில் கட்டுகிறது. எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அதே தொகைதான். 2012இல் ஆண்களுக்கான வயதை 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கான வயதை 21இலிருந்து 19ஆகவும் குறைத்தார்கள். அப்போது 60 ஆயிரத்துக்குள் இருந்த ஊழியர்கள் இரண்டே ஆண்டில் 85 ஆயிரத்தைத் தாண்டினார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பெரிய கூட்டத்தில் இருவர்.

நாங்கள் சைவக் குடும்பம், எங்கள் நம்பிக்கை எங்களுக்குப் போதும் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொன்னேன். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. தோட்டத்தில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள், வந்து செய்துதருகிறோம் என்றார்கள். வேலி சாய்ந்து கிடந்தது, வந்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் என் மனைவி தவித்துப்போனாள். டீயும் காபியும் அவர்களுக்கு ஆகாது, மதுவும் புகையிலையும் ஆகாது. டீயையும் காபியையும் விட்டுவிட்டால் ஒரு தமிழ் வீட்டில் உபசாரத்துக்கு என்ன மிச்சம்? கடைசியில் மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய பால் என்று முடிவாயிற்று. பால்பண்ணைப் பையன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிப்பான். குமாசிக்காரன் வந்த அன்றிலிருந்தே அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டான். அவன் ஊரிலும் வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அவர்களுடைய வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்று மாலை வரை சொந்த வேலைக்கான நேரம். துணி துவைக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், முடிவெட்டிக்கொள்ள வேண்டும், நேரமிருந்தால் பந்தாட்டம். வீட்டோடு பேசுவதும் அன்றைக்குத்தான். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே தொலைபேசியில் பேசலாம், மற்றபடி வாரம் ஒரு கடிதம்தான். 2019 பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பேசலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். இங்கே பிற்பகல் மூன்று மணி ஆகும்போது உட்டாவில் காலை எட்டு. அம்மா பால் கறந்து முடித்துவிட்டு வந்து உட்காருவார். ஆனால் பேசுவது அத்தனையும் எதிர்க் கட்டில்காரன் காதில் விழும், அவன் எழுந்து வெளியே போகக்கூடாது. ஒரு திங்கட்கிழமை, தாத்தாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் செய்தி. பையனுக்கு அழுகை வந்துவிட்டது. குமாசிக்காரன் சமையல் மேடைக்குப் போய்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டு, கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தானாம். கண்ணெதிரே இருந்துகொண்டே அவனைத் தனியாக விட்டிருக்கிறான். இதை உட்டாப் பையன்தான் என் மனைவியிடம் சொன்னான்.

செவ்வாய் முதல் சனி வரை நாட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காலை ஆறரைக்கு எழுந்து உடற்பயிற்சி, பிறகு தனியாக வேதம் படிப்பது, பிறகு இருவரும் சேர்ந்து படிப்பது. அப்புறம் கிளம்பிவிட்டால் இரவு ஒன்பது மணிவாக்கில்தான் வீடு, பத்தரைக்கு விளக்கணைப்பு. பிரெஸ்டன் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் தெருக்களில், விடாத தூறலில், ஒரு மணியடித்து அடுத்த மணிக்கு நடக்கிறார்கள். இப்போது செல்போன் வழியாகவும் ஆள் தேடுகிறார்கள், உணவு வங்கியில் மூட்டை தூக்குகிறார்கள், வீடு மாறுபவர்களுக்குச் சோபா தூக்கிக் கொடுக்கிறார்கள்.

அந்தத் தெருக்களுக்கு உட்டாவோடு இருக்கும் உறவு நீண்டது. 1837 ஜூலையில் ஹீபர் கிம்பாலின் தலைமையில் ஏழு பேர் லிவர்பூலில் கப்பலிறங்கி நேரே பிரெஸ்டனுக்கு வந்தார்கள். பிரிட்டனில் இந்தச் சபையின் முதல் ஊழியம் அதுதான். ஜூலை 30 அன்று ரிபிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். யார் முதலில் தண்ணீரில் இறங்குவது என்று ஓட்டப்பந்தயமே நடந்தது, ஜார்ஜ் வாட் என்ற இளைஞர் முந்திக்கொண்டார். அன்றைய லங்காஷயர் பஞ்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்த ஏழைகள் திரளாகச் சேர்ந்தார்கள். பதினைந்து ஆண்டுக்குள் உட்டாவில் இருந்ததைவிட அதிகமான மார்மன்கள் பிரிட்டனில் இருந்தார்கள். பிறகு கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். உட்டாப் பையனின் முன்னோர் ஒருத்தியும் இந்தப் பக்கத்துப் பஞ்சாலையில் வேலை பார்த்துவிட்டு லிவர்பூலில் கப்பலேறியவள்தானாம். அவள் விட்டுப்போன ஊருக்கு அவள் வம்சத்துப் பிள்ளை திரும்பி வந்திருக்கிறான். ஊர்க்காரர்கள் ‘நன்றி, வேண்டாம்’ என்கிறார்கள்.

1933இல் இதே ஊருக்கு வந்த கார்டன் ஹின்க்லி என்ற இளைஞரும் மனம் ஒடிந்துபோனவர்தான். என் காலமும் உங்கள் பணமும் வீணாகின்றன என்று அப்பாவுக்கு எழுதினார். உன்னை மறந்து வேலையைப் பார் என்று சுருக்கமாகப் பதில் வந்தது. அவர் பிற்காலத்தில் சபையின் தலைவராகி, 1998இல் பிரெஸ்டனுக்குத் தெற்கே சோர்லியில் கட்டிய ஆலயத்தைத் தம் கையாலேயே பிரதிஷ்டை செய்தார். இங்கே வரும் ஊழியர்களுக்கெல்லாம் இந்தக் கதை மனப்பாடம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இருபத்து மூன்று வயதுப் பிள்ளையைத் தன்னை மறக்கச் சொல்வதற்கு முன்னால், என்னப்பா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்படிக் கேட்கும் வழக்கம் ஒன்று அவர்களிடமே இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் இருவரும் உட்கார்ந்து வரும் வாரத்துக்குத் திட்டம் போடுவார்கள். இவர்களுக்கு அது வெள்ளிக்கிழமை. யாரைப் பார்ப்பது, எங்கே போவது எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. அதை அவர்களுடைய ஊழியக் கையேடே விதிக்கிறது. நம் இருவருக்கும் நடுவில் எல்லாம் சரியாக இருக்கிறதா, என்னிடம் நான் மாற்றிக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். கேட்பவன் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். பேசி முடித்ததும் சேர்ந்து மண்டியிட்டு ஜெபம். இதைக் கேள்விப்பட்டதும் நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருட இல்லறத்தில் நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமைகூட அப்படி உட்கார்ந்ததில்லை. எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் யாரும் உட்கார்ந்ததில்லை. மனத்தாங்கல் என்றால் மூன்று நாள் பேசாமல் இருப்போம், பிறகு சாப்பாடு போடும் சாக்கில் பேசிவிடுவோம், தாங்கல் அப்படியே உள்ளே கிடக்கும்.

முதல் வாரங்களில் அந்தப் பேச்சு சவரக்கத்தியைக் கழுவாமல் வைப்பது, அதிகாலையில் உரக்கப் பாடுவது என்றுதான் போயிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை குமாசிக்காரன் வேறொன்றைச் சொன்னான். ‘கதவு திறந்ததும் அவர்கள் உன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நீயும் உடனே பேசத் தொடங்கிவிடுகிறாய். நான் சும்மா நிற்கிறேன்.’ உட்டாப் பையனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லையாம். அடுத்த வாரத்திலிருந்து மணியடித்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். கேள்வி அவனைப் பார்த்து வந்தால், பதில் சொல்லாமல் நண்பன் பக்கம் திரும்பினான். இதை என்னிடம் சொன்னவன் குமாசிக்காரன். சொல்லும்போது அவன் குரலில் இருந்த பெருமையை நான் மறக்கமாட்டேன்.

அதைக் கேட்ட பிறகுதான், நெடுநாளாக மனத்தில் இருந்த கேள்வியை இருவரிடமும் கேட்டேன். 1978 ஜூன் வரை ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு இந்தச் சபையில் ஆசாரியத்துவம் கிடையாது. அந்த விதி நீடித்திருந்தால் குமாசிக்காரன் இந்தப் பெயர்ப்பட்டையைக் குத்தியிருக்கவே முடியாது. உட்டாப் பையனின் காதுமடல் சிவந்துவிட்டது. அதற்கு நல்ல விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை என்றான். பழைய காலத்தில் சொல்லப்பட்ட காரணங்களைச் சபையே 2013இல் எழுத்துமூலம் மறுத்துவிட்டதையும் சொன்னான். குமாசிக்காரன் அவசரப்படவில்லை. கானாவில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவர் 1964 முதலே மார்மன் புத்தகத்தை வைத்துக்கொண்டு தாமாகச் சபைகள் நடத்தி வந்தார். ஞானஸ்நானம் கொடுக்க ஊழியர்கள் வந்ததோ 1978 டிசம்பரில்தான். ‘எங்கள் ஆட்கள் பதினான்கு வருடம் காத்திருந்தார்கள், அங்கிள். அந்தப் பொறுமை அவர்களுடைய சொத்து, விதி போட்டவர்களுக்கு அதில் பங்கில்லை’ என்றான். அவனுடைய மார்க்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவனிடம் எனக்கு மரியாதை உண்டு.

சில விஷயங்களில் எனக்கு வருத்தமும் உண்டு. இத்தனை பேரைப் பார்த்தோம், இத்தனை பேர் சபைக்கு வந்தார்கள், இத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி குறித்தாயிற்று என்று வாராவாரம் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். சில வாரம் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். அதை எழுதி அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அப்பமும் தண்ணீரும் பரிமாறும் ஆராதனையில் நிமிர்ந்து உட்கார வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறென்றால் இரண்டு வேளை உபவாசம் வேறு. மனம் தாங்காமல் பாதியில் ஊர் திரும்பும் பிள்ளைகள் உண்டு. விமான நிலையத்தில் பதாகையோடு வரவேற்கும் வழக்கமுள்ள ஊரில், நாள் கணக்கு முடியாமல் இறங்குகிறவன் ஊர்க்கண்ணுக்குக் கூச வேண்டியிருக்கிறது. அவனுக்கும் அதே பதாகையைப் பிடிப்பதுதான் நியாயம். தவிர, பத்தொன்பது வயதில் மனிதனுக்குக் கொஞ்சம் தனிமை வேண்டும். தான் சொல்வதைத் தானே சந்தேகித்துப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஆளில்லாத அறை வேண்டும். அது இந்த இரண்டு வருடத்தில் கிடைப்பதில்லை.

அதே வயதில் எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், வேறு ஊரில் படிக்கிறான். தனியறை, தனிக்குளியலறை, காதில் எந்நேரமும் ஹெட்போன். அவன் செய்வது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும், சொல்லிவிட்டு அதே அறையில் இரவு தூங்கவும் அவனுக்கு ஆளில்லை. இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால் சட்டென்று பதில் வராது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை மட்டும் அவனுக்கு எடுத்துக்கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவேன்.

பனி விட்டபோது மாற்றல் வந்தது. குமாசிக்காரன் வேறு ஊருக்குப் போகிறான். அவனுக்கு இன்னும் சில மாதம்தான் பாக்கி, பிறகு ஊருக்குப் போய்ப் பொறியியல் படிக்கப் போகிறான். உட்டாப் பையன் இங்கேயே இருக்கிறான். புதிதாக வரும் ஒருவனைப் பழக்கும் பொறுப்பு அவனுக்கு. வழியனுப்பச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வருகிறவன் எந்த ஊர்க்காரன், எப்படிப்பட்டவன் என்று மனைவி கேட்டாள்.

‘ஒன்றும் தெரியாது ஆன்ட்டி’ என்றான் உட்டாப் பையன். ‘காலையில் பாடுவானா என்று முதலில் கேட்க வேண்டும்.’

‘பாடட்டும் விடு’ என்றான் மற்றவன், சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே.